இருக்கிறது, கனம் நீதிபதி அவர்களே

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் நூற்று நாற்பத்தேழு பேருக்கு ஒரே மின்னஞ்சலில் வேலை போனது. வெர்னெல் டாக்கெட்டுக்குப் போகவில்லை. அதற்கு அவளுடைய திறமையோ பணிமூப்போ காரணம் அல்ல. அரசாங்கக் காகிதங்களின்படி அவள் ஊழியராகவே இருக்கவில்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் அலுவலகம் இரண்டாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு மாறியபோது யாரோ ஒருவர் சாமான் பட்டியல் எழுதினார். அச்சு இயந்திரம் நான்கு, காகிதம் கிழிக்கும் இயந்திரம் ஒன்று, முத்திரை, டாக்கெட், ஒன்று. அவர் சொல்ல வந்தது டாக்கெட்டின் மேஜை மேல் இருந்த முத்திரையை. கணினி அதை முத்திரை என்றும் டாக்கெட் என்றும் இரண்டு சாமான்களாகப் படித்துக்கொண்டு, டாக்கெட்டை ஆள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆட்களை நீக்கியவர்கள் ஆள் பட்டியலைத்தான் பார்த்தார்கள். சாமான்களை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை வெர்னெல் வழக்கம்போல் வாஷிங்டனின் அனகோஸ்டியாவில் ரயிலேறி, வழக்கம்போல் எட்டரைக்கு வந்து சேர்ந்தாள். மாடி முழுவதும் காலி. யாருடைய பிறந்த நாளுக்கோ வெட்டிய கேக் பாதி அப்படியே இருந்தது. அவள் கோட்டை மாட்டிவிட்டு, வந்திருந்த கடிதங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 'பெறப்பட்டது' என்று தேதியோடு முத்திரை குத்தினாள். குடியேறிகளை அடைத்துவைக்கும் தடுப்பு முகாம்களிலிருந்து வரும் புகார்கள் அவை. சாப்பாட்டில் புழு, குளிருக்குப் போர்வை இல்லை, வக்கீலுக்குப் போன் செய்ய விடவில்லை, மருந்து தரவில்லை. இருபத்தாறு வருடமாக அவள் வேலை முத்திரை குத்தி உள்ளே அனுப்புவது. உள்ளே இப்போது யாரும் இல்லை. அதனால் விசாரணைப் பிரிவின் நாற்காலிகளில் ஒவ்வொரு கட்டாக உட்கார வைத்தாள். மேஜை மேல் வைத்திருக்கலாம். நாற்காலியில் வைத்தபோது கொஞ்சம் ஆள் இருப்பதுபோல் இருந்தது.

ஒன்பதாவது நாள் பிரெஸ்டன் ஹால்வர்சன் வந்தான். அலுவலகத்துக்கு மேலே இருந்த துறையின் சட்ட ஆலோசகர்களில் ஒருவன். நாற்பது வயதிருக்கும், தலைமுடி மட்டும் இருபத்தைந்தில் நின்றிருந்தது. நாற்காலிகளை எண்ணி எடுத்துப்போக வந்தவன், அவற்றில் ஒன்றில் ஒரு பெண்மணி உட்கார்ந்து மீன் வறுவல் வைத்த ரொட்டியைச் சாப்பிடுவதைக் கண்டு நின்றான்.

"நீங்க யாரு?"

"வெர்னெல்."

"இங்க என்ன பண்றீங்க?"

"மத்தியானச் சாப்பாடு. அதுக்கு முன்னாடி வேல."

அவன் எதிரே இருந்த கடிதக்கட்டை நகர்த்திவிட்டு மெல்ல உட்கார்ந்தான். மழையில் போகிறவனுக்குப் பேருந்து இருக்கைக்கடியில் குடை கிடைத்தால் எப்படிப் பார்ப்பானோ, அப்படிப் பார்த்தான்.

"மிஸ் வெர்னெல், உங்கள மாதிரி ஒருத்தரத்தான் தேடிட்டு இருந்தோம்" என்றான்.

விஷயம் என்னவென்றால், வழக்கு வந்துவிட்டது. குடியேறிகளுக்கான மூன்று அமைப்புகள் சேர்ந்து நீதிமன்றம் போயிருந்தன. இந்தக் கண்காணிப்பு அலுவலகம் இருக்கவேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டிருக்கிறது. காங்கிரஸ் போட்டதைத் துறை மூட முடியாது என்பது அவர்கள் வாதம். துறையின் பதில் இன்னும் சுருக்கமானது. நாங்கள் எதையும் மூடவில்லை.

முதல் விசாரணையில் நீதிபதி க்ரம்ஹோல்ட்ஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அங்கே ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். எழுபத்தைந்து வயது மனிதர். கேட்டுவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார். ஹால்வர்சன் எழுந்து, முழுநேர ஊழியர்கள் தொடர்ந்து பணியில் இருப்பதாகச் சொன்னான். எத்தனை பேர் என்று நீதிபதி கேட்டார். எண்ணிக்கை என்பது உள் நிர்வாகம் சார்ந்த விஷயம் என்றான். சட்டம் 'அதிகாரி' ஒருவர் இருக்கவேண்டும் என்கிறதே, அவர் யார் என்று நீதிபதி கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தருகிறோம் என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் வெர்னெல் பொறுப்பு அதிகாரியானாள். அதற்கு முன் அவளைச் சாமான் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. பயன்பாடு முடிந்ததாகச் சான்று இல்லாமல் எடுக்க முடியாது என்று கிடங்குப் பிரிவு சொன்னது. ஆகவே காலையில் பழுதடைந்த பொருள் என்று சான்றளித்து, மதியம் அதிகாரியாக நியமித்தார்கள். அவளுக்கு எல்லா அதிகாரங்களும் உண்டு என்று ஹால்வர்சன் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திட்டான். என்னென்ன அதிகாரங்கள் என்று அவனும் பார்க்கவில்லை.

அதோடு முடியவில்லை. அலுவலகம் இயங்குவதற்கு வாரா வாரம் ஆதாரம் வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். ஆதாரங்களில் முதலாவது, விளக்குகள் எரிகின்றன என்பது. ஆனால் அந்த மாடியின் விளக்குகள் ஆள் நடமாட்டத்தைப் பார்த்து எரிபவை. பன்னிரண்டு நிமிடம் அசைவில்லாவிட்டால் தாமே அணைந்துவிடும். ஆகவே பொறுப்பு அதிகாரி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, கைகளை வீசிக்கொண்டு மாடியை ஒரு சுற்று வரவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அவளுடைய முழங்கால் மருத்துவர் நடக்கச் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பத்து மாதத்தில் ஐந்து ராத்தல் இளைத்தாள்.

இரண்டாவது ஆதாரம் புகைப்படம். மேஜை, அதிகாரி, பின்னால் கொடி. மேஜை வெறுமையாக இருக்கிறதே என்று, ஹால்வர்சன் அலுவலகத்தை உண்டாக்கிய சட்டத்தின் பிரதியைக் கொண்டுவந்து அவள் முன் திறந்துவைத்தான். படம் எடுத்தபின் எடுத்துப்போக மறந்துவிட்டான்.

போன்களும் இப்போது அவள் மேஜைக்கே வந்தன. முன்பு அவற்றை எடுக்கப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தினமும் காலை ஒன்பதே காலுக்கு வருவது யாரிட்ஸா செலாயாவின் அழைப்பு. பால்டிமோரில் ஒரு ஹோட்டலின் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறவள்; இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலிருந்து பேசுவாள். அவளுடைய அப்பா எபிஃபானியோ கூரை வேயும் தொழிலாளி, ஹோண்டுராஸ்காரர், வயது அறுபத்தொன்று. லூசியானாவில் பைன் காட்டுக்குள் இருக்கும் முகாமில் ஐந்து மாதமாக இருந்தார். சர்க்கரை வியாதி. முகாமில் கொடுத்த பிளாஸ்டிக் செருப்பு வலது காலில் உரசிப் புண்ணாகி, புண் கறுக்கத் தொடங்கியிருந்தது. முகாம் மருத்துவர் தலைவலி மாத்திரை கொடுத்தார். மகள் ஆறு கடிதம் போட்டிருந்தாள். ஆறிலும் வெர்னெலின் முத்திரை இருந்தது.

"மிஸ் வெர்னெல், என் லெட்டர யாராவது படிச்சாங்களா?"

"வந்து சேந்துருச்சு, கண்ணு."

"வந்துச்சுன்னு அஞ்சு வாட்டி சொல்லிட்டீங்க. படிச்சாங்களான்னு கேட்டேன்."

அந்தப் பக்கம் துணி சுழலும் சத்தம் கேட்டது. இரண்டு பேருமே காத்திருந்தார்கள். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் உட்கார்ந்தபடி, இருபத்தாறு வருடத்தில் தான் ஒரு கடிதத்தையும் முத்திரை குத்தும் இடத்துக்குக் கீழே படித்ததில்லை என்பது வெர்னெலுக்கு நினைவுக்கு வந்தது.

அன்று ஆறு கடிதங்களையும் படித்தாள்.

வியாழக்கிழமை ஹால்வர்சன் வந்தபோது, இவற்றை யார் பார்ப்பது என்று கேட்டாள். அவன் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த கடிதங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொறுமையாக விளக்கினான். விளக்குவது அவனுக்குப் பிடிக்கும்.

"மிஸ் வெர்னெல், ஒரு புகார முடிச்சுட்டா என்ன ஆகும்? போயிடும். எல்லாத்தையும் முடிச்சுட்டா? அப்புறம் இந்த ஆபீஸ் எதுக்குன்னு கேப்பாங்க. மூடிருவாங்க. முடியாம இருக்குற ஒவ்வொரு புகாரும் இந்த ஆபீஸுக்கு மூச்சு மாதிரி. போன வருஷம் நாலாயிரம் பாக்கி. இந்த வருஷம் ஆறாயிரத்து நானூறு. இவ்வளவு உயிரோட இந்த ஆபீஸ் என்னைக்குமே இருந்ததில்ல. இத மூடப் பாக்குறது நாங்க இல்ல. புகார முடிக்கச் சொல்றவங்கதான்."

வெர்னெல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கேலி செய்யவில்லை. தான் சொன்னதைக் கேட்டு அவனுக்கே லேசாகக் கண் கலங்கியிருந்தது.

அவன் போனபின் அவள் மேஜை மேல் கிடந்த சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தாள். சுற்று வருவதற்கு நடுவே கிடைக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடங்களில் படித்தாள். முதல் வாசிப்பில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவதில் அது எல்லாம் ஒரே வாக்கியம் என்று புரிந்தது. மூன்றாவதில் பதினொன்றாம் பிரிவில் நின்றாள். அடைக்கப்பட்டவரின் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று அதிகாரி கருதினால், அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முகாம் அவரை வெளி மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும். அதிகாரி என்ற சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டாள். பிறகு தன் மேஜை மேல் புகைப்படத்துக்காக வைத்த பெயர்ப்பலகையைத் திருப்பிப் பார்த்தாள்.

ஹால்வர்சனிடம் போனில் கேட்டாள். அந்தப் பிரிவு இருக்கிறது, ஆனால் அது பயன்படுத்துவதற்காக இல்லை என்றான். பதவியிலிருப்பது வேறு, வேலை செய்வது வேறு. நீதிமன்றத்தில் நாங்கள் உறுதியளித்தது முதலாவதை மட்டும் என்றான்.

மறுவாரம் எதிர்த்தரப்பு வக்கீல் வந்தாள். நீதிமன்ற உத்தரவின்பேரில் அலுவலகத்தைப் பார்வையிட வந்த டெலியா ரோத்மன். மூன்று அமைப்புகளுக்காகவும் ஊதியம் வாங்காமல் வாதாடுகிறவள், தூங்கிப் பல நாள் ஆனவள். நாற்காலிகளையும் கடிதங்களையும் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு வரிசையையும் படமெடுத்தாள். இத்தனை அழகான ஆதாரத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். வெர்னெல் எபிஃபானியோ செலாயாவின் கடிதங்களையும் பதினொன்றாம் பிரிவையும் அவளிடம் காட்டினாள். டெலியா இரண்டையும் படித்துவிட்டு உட்கார்ந்தாள். மலர்ச்சி போய்விட்டது.

"மிஸ் வெர்னெல், உங்ககிட்ட இதச் சொல்றதுக்கே எனக்கு வாய் கூசுது. இப்ப அனுப்பாதீங்க. இந்த ஆபீஸ் செத்துப்போச்சுன்னு நான் நிரூபிச்சிட்டு இருக்கேன். நீங்க ஒரு லெட்டர் அனுப்பினா, உயிரோடதான் இருக்குன்னு அவங்க எந்திரிச்சு நிப்பாங்க. ஆறாயிரம் பேரோட வழக்கு. மூணே வாரம் பொறுங்க."

"மூணு வாரம்."

"விசாரணை முடியுற வரைக்கும்."

வெர்னெல் சுற்று வர எழுந்திருக்கவில்லை. விளக்கு அணைந்தது. டெலியா கையை வீசினாள்; எரிந்தது.

"அந்தக் காலுக்குத் தகவல் சொல்லிட்டீங்களா?" என்று வெர்னெல் கேட்டாள்.

டெலியா பையை எடுத்துக்கொண்டு போனாள். மின்தூக்கிக் கதவு மூடும்வரை அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அலுவலகம் இருக்கவேண்டும் என்று சண்டை போடுகிறவர்கள் ஒருபுறம், வேண்டாம் என்கிறவர்கள் மறுபுறம். இருவரும் ஒரே விஷயத்தில் ஒன்றுபட்டிருந்தார்கள்: அது எதையும் செய்துவிடக் கூடாது. வெர்னெலுக்கு இரு தரப்பு மேலும் கோபம் வரவில்லை. அவர்களுக்கு அந்தக் கால் ஒரு பத்தி. அவளுக்கும் போன வாரம் வரை அது ஒரு முத்திரைதான்.

மறுநாள் ஒன்பதே காலுக்குப் போன் வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. பத்து மணிக்கு வந்தபோது யாரிட்ஸாவின் குரல் தணிந்திருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது, கால் நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரர்களே சண்டை போட்டிருக்கிறார்கள் என்றாள். இனிமேல் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யப் போவதில்லை, இத்தனை நாள் மரியாதையாகப் பேசியதற்கு நன்றி என்றாள். அந்த நன்றிதான் வெர்னெலால் தாங்க முடியாததாக இருந்தது.

பத்து நாற்பதுக்குக் கடிதத்தை அடித்தாள். நான்கு வரி. கீழே கையெழுத்து. பழக்கம் விடாமல், அனுப்புகிற கடிதத்திலும் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்திவிட்டாள். தொலைநகலில் போட்டாள், முகாம்கள் இன்னும் தொலைநகலில்தான் இருந்தன.

முகாம் கண்காணிப்பாளர் அந்தக் கடிதத்தைப் பார்த்து நடுங்கிப்போனார் என்று பிற்பாடு தெரிந்தது. அலுவலகம் முழுப் பலத்துடன் இயங்குகிறது என்று துறை நாடு முழுவதும் அறிக்கை விட்டிருந்தது. அதை உண்மையிலேயே நம்பிய ஒரே மனிதர் அவர்தான். போதாததற்குக் கடிதத்தில் 'பெறப்பட்டது' என்று வேறு இருந்தது. தான் பெற்றுக்கொண்டதே வாஷிங்டனில் பதிவாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது.

ஐந்து மணிக்கு ஹால்வர்சன் படியேறி வந்தான். மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை.

"யார் அனுமதி கொடுத்தாங்க?"

"பொறுப்பு அதிகாரி."

"அது நீங்கதானே."

"ஆமா. ஒடனே கொடுக்கல. ரெண்டு வாட்டி யோசிச்சுத்தான் கொடுத்தேன்."

அவன் அங்கேயே உட்கார்ந்து, கடிதத்தை ரத்து செய்வதாக இன்னொரு கடிதம் அடித்தான். நல்ல கடிதம். அதற்கும் அதிகாரியின் கையெழுத்து தேவைப்பட்டது. அவளை நீக்கலாமென்றால், திங்கட்கிழமை நீதிபதிக்குக் காட்ட அதிகாரி இல்லை. அவன் பேனாவை அவள் பக்கம் நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள். விளக்கு அணையும் வரை நீட்டிக்கொண்டே இருந்தான்.

விசாரணை நாளில் நீதிமன்றம் நிரம்பியிருந்தது. ஹால்வர்சன் ஒரு வாரத்தில் தேறிவிட்டிருந்தான். எழுந்து, அந்த ஒற்றைக் கடிதத்தைச் கண்ணாடி போட்ட படமாக உயர்த்திக் காட்டினான்.

"கனம் நீதிபதி அவர்களே, அலுவலகம் இருக்கு. இருக்குறது மட்டுமில்ல, துடிப்பா இருக்கு. நூத்து நாப்பத்தெட்டு பேர் இருந்த காலத்துல ஒரு கடிதத்துக்கு நாப்பது நாள் ஆகும். இப்ப ஒரே ஆள், ஒரே காலையில. ஆட்களக் குறைச்சதுதான் இந்த வேகத்துக்குக் காரணம். மிச்சமிருக்குற ஒருத்தரையும் குறைச்சா இன்னும் எவ்வளவு வேகம் வரும்னு துறை ஆராய்ஞ்சிட்டு இருக்கு."

டெலியா எழுந்து, பதினோரு மாதத்தில் ஒரு கடிதம் என்பது ஒன்றுமில்லாததை விட மோசம், ஏனென்றால் அது இருப்பதுபோல் ஏமாற்றுகிறது என்றாள். சொல்லும்போது வெர்னெல் பக்கம் பார்க்கவில்லை.

நீதிபதி க்ரம்ஹோல்ட்ஸ் கண்ணாடியைத் துடைத்தார். தான் எப்படித் தீர்ப்புச் சொன்னாலும் தோற்றவர் மேல்முறையீட்டுக்குப் போவார் என்றும், அது முடிய ஒன்றரை வருடம் ஆகலாம் என்றும் சொன்னார். அதுவரை இடைக்கால உத்தரவு ஒன்று: இன்று காலை அலுவலகம் என்ன நிலையில் இருந்ததோ, அதே நிலையில் துறை அதைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும்.

ஹால்வர்சன் நன்றி தெரிவித்தான். விளக்குகள் எரியும் என்று உறுதியளித்தான். அந்த ஒரு கடிதமே நிலை; இரண்டாவது அனுப்பினால் நீதிமன்ற அவமதிப்பு என்பதையும் துறை உணர்ந்திருக்கிறது என்றான்.

"இருங்க" என்றார் நீதிபதி. "இன்னைக்குக் காலைல அங்க என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

இரண்டு வக்கீல்களும் தங்கள் காகிதங்களைப் புரட்டினார்கள். அதில் இல்லை. நீதிபதி மூன்றாவது வரிசையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்த பெண்மணியை முன்னால் வரச் சொன்னார்.

"அலுவலகம் இன்னைக்குக் காலைல என்ன செஞ்சுட்டு இருந்துச்சு, அம்மா?"

"பேக்ஸ் அனுப்பிட்டு இருந்துச்சு, ஐயா."

"என்ன பேக்ஸ்?"

"அதே லெட்டர்தான். பேரையும் ஒடம்புல எந்த எடம்ங்கிறதையும் மாத்துனா போதும். கண்ணு, கிட்னி, ஒரு பொண்ணுக்குப் பிரசவம். அடிக்கிறத நேத்தே முடிச்சுட்டு, ஏழு மணிக்கே வந்து அனுப்ப ஆரம்பிச்சேன். எட்டே முக்காலுக்கு ரயில் பிடிக்க வேண்டியிருந்துச்சு, இல்லன்னா இன்னும் போயிருக்கும்."

"எத்தன?"

"இருநூத்துப் பன்னெண்டு. இருநூத்துப் பதிமூணாவதுல காகிதம் சிக்கிக்கிச்சு. அது அனுப்புனதா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்."

நீதிபதி அவளை நீண்ட நேரம் பார்த்தார். நாற்பது வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவற்றில் இது எந்த வகை என்று தேடுகிறவர்போல் இருந்தது. பிறகு குனிந்து, உத்தரவில் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்.

"காலை நேரத்துக்கு இருநூத்துப் பன்னெண்டு" என்று எழுதுகிறபடியே சொன்னார். "இதுக்குக் குறையக் கூடாது."

இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வழக்கு தொடங்கியதிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. டெலியா ரோத்மன் ஒரு கணம் நின்றாள். பின்பு, என்ன சொல்ல எழுந்தோம் என்பதை மறந்தவள்போல், மெதுவாக உட்கார்ந்தாள். ஹால்வர்சன் நின்றுகொண்டிருந்தான்.

மதியம் மாடிக்குத் திரும்பியபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. இந்த முறை பின்னால் இயந்திர இரைச்சல் இல்லை. யாரிட்ஸா லூசியானாவில், மருத்துவமனை வராந்தாவிலிருந்து பேசினாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, கால் இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். வெர்னெல் அழுகை முடியும்வரை போனைக் காதில் வைத்துக் காத்திருந்தாள். அது ஒன்றுக்கு அவளுக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு விரல எடுத்துட்டாங்க, மிஸ் வெர்னெல். ரெண்டு வாரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா அதுவும் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"ம்."

"அப்பா பக்கத்துலதான் இருக்காரு. நம்ம புகார் முடிஞ்சிருச்சான்னு கேக்கச் சொல்றாரு."

துறையின் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. 'முடிக்கப்பட்டது.' பதினோரு மாதத்தில் யாரும் அதில் பேனா வைக்கவில்லை. வெர்னெல் படிவத்தை எடுத்தாள், கட்டத்தைப் பார்த்தாள். வேலை முடிந்தது, இனி மூடலாம் என்று ஹால்வர்சன் அதை எப்படி உயர்த்திக் காட்டுவான் என்பதையும் பார்த்தாள்.

"இல்ல, கண்ணு, முடியல" என்றாள். "காலுக்கு எழுதுனதுதான் முடிஞ்சது. ரெண்டு விரலுக்குப் புதுசா ஒண்ணு எழுதி அனுப்பச் சொல்லு. தனித்தனியா எழுதச் சொல்லு."